மறுப்பதாயினும் எழுத்தில் மறுத்துவிடுங்கள்: அங்கீகாரக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்கான அங்கீகாரக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

என் சித்திக்கு என்னுடைய ஒரு சிறுநீரகத்தைத் தர அனுமதி கேட்டு நாங்கள் இருவரும் சேர்ந்து அளித்த விண்ணப்பம் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. சென்ற வாரக் கூட்டத்திலும், கூடுதல் ஆவணங்களோடு மறுபடி வாருங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லி எங்களை அனுப்பிவிட்டீர்கள். விண்ணப்பத்தின் விவரங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே. அவற்றை இங்கே அடுக்கப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அனுமதியோ மறுப்போ, உங்கள் முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள்.

1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரை நெருங்கிய உறவினர் என்றது. 2011ஆம் ஆண்டுத் திருத்தம் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தியைச் சேர்த்தது. சித்திக்கு அந்த வரிசையில் இடமில்லை. பெற்ற தாய் இறந்துபோனால் பிள்ளையைத் தாயின் தங்கை எடுத்து வளர்ப்பது எங்கள் பக்கத்து ஊர்களில் சாதாரணமாக நடப்பது. அப்படி வளர்ந்தவள் நான். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நான் அவருக்கு அயலாள் என்பதால், அன்பின் பெயரால் தானம் செய்ய வருபவர்களுக்கான பிரிவின் கீழ் உங்கள் முன் வந்து நிற்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. சிறுநீரக விற்பனையால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் கிட்னிவாக்கம் என்று பெயர் வந்த கதையும், சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற கதையும், 2025இல் வெளிவந்த பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனைக் கதையும் தெரிந்த எவரும் உங்கள் கேள்விகள் கடுமையாக இருப்பதைக் குறை சொல்ல மாட்டார்கள். உயிரோடு இருந்து சிறுநீரகம் தருவோரில் பெரும்பாலோர் பெண்களாகவும் பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்களாகவும் இருக்கும் நாட்டில், கொடுப்பவள் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்று விதி சொல்வதையும் முழுமனதோடு ஏற்கிறேன். என் கணவரைத் தனியே அழைத்து விசாரித்தீர்கள். அவரும் ஒளிக்காமல் பதில் சொன்னார்.

என்னால் தாங்க முடியாமல் போனது புகைப்பட விஷயம்தான்.

தானம் தருபவரும் பெறுபவரும் சேர்ந்திருக்கும் பழைய படங்களை 2014ஆம் ஆண்டு விதிகள் கேட்கின்றன என்பதை அறிவேன். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக் கூலி வாங்கிய சித்தியின் வீட்டில் கேமரா ஏது? அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்குப் படம் பிடிப்பவர் வந்தது ஒரே ஒரு முறை, என் சடங்குக்கு. அந்தப் படத்தில் நடுவில் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வலது ஓரத்தில் நிற்கும் சித்தியின் முகத்தில் பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது. மிச்சமாகத் தெரிவது அவருடைய கை: என் பின்னலிலிருந்து நழுவிய கனகாம்பரச் சரத்தை மறுபடியும் செருகிக்கொண்டிருக்கும் கை, மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையல்கள். உங்கள் உறுப்பினர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, முகம் தெளிவாக இல்லை, வேறு படம் கொண்டுவாருங்கள் என்று திருப்பித் தந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நாள் ஒன்றை மறுபடியும் படமெடுக்க நான் எங்கே போவேன், ஐயா?

பழைய குடும்ப அட்டையைக் காட்டினோம். அதில் என் பெயருக்கு நேரே மகள் என்று எழுதியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் வேறாக இருக்கிறது. எந்த அட்டை நான் அவர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்ததற்குச் சாட்சியோ, அதுவே முரண்பாடு என்று குறிக்கப்பட்டது. வட்டாட்சியரின் உறவுமுறைச் சான்று வேண்டும் என்றீர்கள். கிராம நிர்வாக அலுவலர் தெருவில் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் கையெழுத்திட்டு, அதுவும் வந்தது. இப்போது என் தாயின் இறப்புச் சான்றிதழில் இனிஷியல் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். பணத்துக்குச் சிறுநீரகம் ஏற்பாடு செய்யும் தரகர் எவரும் பாதி முகம் வெட்டுப்பட்ட படத்தோடும் இனிஷியல் பொருந்தாத சான்றோடும் உங்கள் முன் வர மாட்டார். அவர் கொண்டுவரும் படங்களில் முகங்கள் தெளிவாக இருக்கும். தாள்களில் எழுத்துப்பிழைகூட இருக்காது. ஏழையின் உண்மை இப்படிக் கிழிசலோடுதான் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியிருப்பது வேதனையாக இருக்கிறது.

ஏன் கொடுக்க நினைக்கிறீர்கள் என்று வீடியோவில் பதிவாகும்போது கேட்டீர்கள். மனதில் உள்ளதை அப்படியே சொன்னேன். சித்தியின் பிள்ளைகளில் ஒருவனுக்குச் சர்க்கரை நோய், மற்றவனுக்கு இரத்தப் பிரிவு சேரவில்லை, எனக்குச் சேர்ந்தது. இருக்கன்குடி மாரியம்மன் சந்நிதியில் பூக் கேட்டேன், நான் நினைத்த வெள்ளைப் பூவே வந்தது என்றேன். உடனே, உத்தரவு கிடைத்திராவிட்டால் கொடுக்க மாட்டீர்களா, இந்த எண்ணத்தை உங்களுக்குச் சொல்லித்தந்தது யார் என்று கேள்விகள் மாறின. மனநல மருத்துவரின் சான்று ஏற்கெனவே கோப்பில் இருக்க, இன்னொரு முறை வாங்கி வரவும் சொன்னீர்கள். பூக் கேட்டதற்கு முன்பே நான் முடிவெடுத்திருந்தேன். அம்மனிடம் கொண்டுபோனது என் பயத்தை. அறுவை சிகிச்சை மேசையில் நல்ல உடம்போடு படுக்கப்போகிற ஒருத்திக்கு அந்தப் பயம் இருப்பது இயல்பு. அதைத் தான் நம்புகிற தெய்வத்தின் காலடியில் வைத்துவிட்டு வருவது சித்தப் பிரமையும் ஆகாது, பிறர் தூண்டுதலும் ஆகாது.

நம்பிக்கை இருப்பதால் நான் எதையும் கேட்டறியாமல் வந்துவிடவும் இல்லை. இரண்டு சிறுநீரகங்களும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று டிடிபிஏ ஸ்கேனில் பார்த்தார்கள். இரத்தக் குழாய்களைச் சிடி ஆஞ்சியோவில் பார்த்தார்கள். இடது பக்கத்துச் சிரை நீளமானது என்பதால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சிறுநீரகத்தையே எடுப்பார்கள் என்று விளக்கினார்கள். 10,000 தானக்காரர்களில் ஏறத்தாழ 3 பேருக்கு அறுவை சிகிச்சையை ஒட்டி உயிராபத்து நேரலாம் என்பதும், எஞ்சும் சிறுநீரகம் கூடுதல் வேலையைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதும், ஆயுள் முழுவதும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இவற்றில் ஒன்றைக்கூட உங்கள் குழு என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரிந்தே வந்திருக்கிறேன் என்பது விளங்கியிருக்கும்.

இதற்கிடையில் சித்தி வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடக்கிறார். அவர் குடிக்கும் தண்ணீருக்கு டம்ளர் கணக்கு. இளநீரும் வாழைப்பழமும் கூடாது. கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தரவேண்டும். டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் விரல் வைத்தால் உள்ளே இரத்தம் இரைவது தெரியும். அந்தக் கையில் இப்போது வளையல் போடுவதில்லை. அவருக்கு ஹீமோகுளோபின் குறைந்துகொண்டே வருகிறது. ஊசியில் ஏறாவிட்டால் இரத்தம் ஏற்றவேண்டிவரும் என்கிறார் மருத்துவர். பிறர் இரத்தம் ஏறினால் அவர் உடலில் அயல் உறுப்பை எதிர்க்கும் புதிய எதிர்ப்பொருள்கள் உண்டாகலாம். அவர் உடல் என் சிறுநீரகத்தை எதிர்க்குமா என்று இரத்தத்தில் பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை இன்று நெகட்டிவ், அதாவது எதிர்ப்பில்லை, என்று வந்திருக்கிறது. அது நாளை பாசிட்டிவ் ஆகலாம். அப்படி ஆனால் என் சிறுநீரகம் அவருக்குப் பயன்படாமல் போகலாம். இனிஷியலை இன்னும் சில மாதம் கழித்துக்கூடத் திருத்திக்கொள்ளலாம். அதற்குள் கிராஸ் மேட்ச் மாறிவிட்டால் அதைத் திருத்த எந்த அலுவலகத்திலும் வழியில்லை.

இறந்தபின் உறுப்பு தானம் செய்வோரின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது சித்தியும் நானும் தொலைக்காட்சியில் பார்த்து மனம் நெகிழ்ந்தோம். உயிரோடு தரவருபவளுக்கு மாலையோ மரியாதையோ வேண்டாம். சந்தேகப்படுங்கள், விசாரியுங்கள், ஆனால் குற்றவாளிக்கும் தீர்ப்பு நாள் என்று ஒன்று உண்டே, அதையாவது எங்களுக்குச் சொல்லக் கூடாதா?

கூட்டம் நடந்த 24 மணி நேரத்துக்குள் இறுதி முடிவெடுக்க வேண்டும் என்கின்றன 2014ஆம் ஆண்டு விதிகள். விண்ணப்பம் தந்ததிலிருந்து முடிவு வரை ஆறிலிருந்து எட்டு வாரங்களுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் ஒரு வழக்கில் கூறியது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று சட்டத்தின் 9ஆம் பிரிவும், அந்த ஆணை கிடைத்த 30 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 17ஆம் பிரிவும் சொல்கின்றன. நீங்கள் மறுத்திருந்தால் நாங்கள் போக ஓர் இடம் இருந்திருக்கும். ஒத்திவைப்புக்கு மேல்முறையீடு கிடையாது. வாய்மொழியாகத் திருப்பி அனுப்பும்போது, மறுப்பு என்ற சொல்லைச் சொல்லாமலே எங்கள் வழியையெல்லாம் அடைத்துவிடுகிறீர்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். உங்கள் பொறுப்பின் கனமும், நாளை ஒரு முறைகேடு வெளிவந்தால் விரல் உங்களை நோக்கித்தான் நீளும் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆகவே பணிவோடு கேட்கிறேன்: இன்னும் என்னென்ன ஆவணம் குறைகிறது என்பதை ஒரே பட்டியலாக, கையெழுத்தோடு தாருங்கள், எங்கள் விண்ணப்பம் எந்தக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதை முன்னதாகத் தெரிவியுங்கள், அந்தக் கூட்டம் முடிந்த மறுநாளுக்குள் முடிவை எழுத்தில் கொடுங்கள். ஆம் என்றால் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துத் தர அவர்கள் காத்திருக்கிறார்கள். இல்லை என்றால் மேல்முறையீட்டு மனுவோடு இணைக்க அந்தத் தாள் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
சித்திக்குச் சிறுநீரகம் தர விண்ணப்பித்திருக்கும் அக்காள் மகள்,
விருதுநகர் மாவட்டம்