மலை நகரங்களைத் திட்டமிடுவோர் முதலில் கான்களைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. அவற்றுள் பெரும்பங்கு கண்டி, பதுளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மண்ணுக்குள் புதையுண்டும் வெள்ளத்தில் அள்ளுண்டும் போன உயிர்கள். அதன் பின்னர் மீள்கட்டுமானம் பற்றி நான் கேட்ட பேச்செல்லாம் எத்தனை வீடுகள், எத்தனை பேர்ச்சஸ் காணி, எந்தப் பாலம், எந்த வீதி என்பதாகவே இருந்தது. அவை வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், அடுத்த பெருமழை பெய்யும்போது அந்த நீர் எவ்வழியால் இறங்கும், எங்கே தரித்து நிற்கும், எந்த ஆற்றில் போய்ச் சேரும் என்பதை முதலில் வரைந்துகொண்டு, அதற்குப் பிறகே வீட்டுக்கும் கடைக்கும் வீதிக்கும் இடம் குறிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்பேச்சுகளில் எழவேயில்லை. அந்த ஒரு விடயத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். இந்நகரை அறிந்தவர்களுக்குச் சிங்கமலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரயில் சுரங்கத்தால் நாடறிந்த அந்த மலையின் காட்டில் கசியும் ஊற்றுநீரை நம்பியே ஹட்டன் நகரம் குடிக்கிறது. மலைக்கு இப்பக்கம் டிக்கோயா வழியாக வடியும் நீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடைந்து, பின்னர் களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குழாய்களுக்குப் போகிறது. அப்பக்கம் கொட்டகலையில் விழும் மழை கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலியைச் சேர்கிறது. நாட்டின் இரு பெரும் நதிகளுக்கு நீர் பிரிந்து போகும் முகட்டில் குடியிருக்கும் நாங்கள், மழைக்காலத்தில் கடைக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டுவதும், மாசி பங்குனியில் குடங்களை அடுக்கிவைத்துக்கொண்டு தண்ணீர் பவுசரை எதிர்பார்த்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது. பெய்யும் நீரை வந்த வேகத்திலேயே ஊரைவிட்டு விரட்டப் பழகிக்கொண்டதால்தான் ஒரே ஆண்டில் இவ்விரண்டு துன்பங்களும் நம்மைப் பிடிக்கின்றன.

என் தந்தையார் தேயிலைத் தோட்டத்தில் கான், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால், வெட்டியவர். மலைச்சரிவுக்குக் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு சாய்வோடு தேயிலைக்கிடையே வெட்டப்படும் அந்தக் கான்களுக்குள் இடைக்கிடையே மண்தடுப்புகள் விடப்பட்டிருக்கும். தடுப்பின் உயரம் கானின் விளிம்பைவிடக் குறைவாக இருக்கும். மழைநீர் ஒவ்வொரு தடுப்பிலும் சற்றே தங்கி, சுமந்து வந்த மண்ணைப் படியவிட்டு, மேலால் வழிந்து அடுத்ததற்குப் போகும். கடைசியில் கல் பதித்த பெரிய கானில் இறங்கி ஓடையைச் சேரும். படிந்த மண்ணை வெயில் காலத்தில் வாரித் தேயிலைத் தூருக்கே போட்டுவிடுவார்கள். சாய்வு கூடினால் நீர் கானையே அரித்துவிடும், குறைந்தால் தேங்கி நின்று மலையை ஊறவைத்துவிடும் என்று அவர் சொல்வதுண்டு. நீரின் வேகத்தைத் தணிப்பதும், மண்ணைப் பிடித்துக்கொள்வதும், மிஞ்சியதை ஆபத்தில்லாத வழியால் இறக்கிவிடுவதும் காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப நகரங்களை அமைப்பது குறித்து நிபுணர்கள் இன்று முன்வைக்கும் யோசனைகளின் அடிப்படை. தோட்டத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக மண்வெட்டியோடு செய்துவந்த அந்த வேலையின் அறிவுக்கு நம் நகரத் திட்டங்களில் ஓரிடமும் இல்லாதது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

இப்போது தோட்டங்களில் ஆள் குறைந்து, பல மலைகளில் கான்கள் தூர்ந்து கிடக்கின்றன. அங்கே தரிக்காத நீர் நேராக நகரத்துக்கு இறங்குகிறது. நகரமோ அதை ஏற்க ஆயத்தமாக இல்லை. 1,000 சதுர அடித் தகரக்கூரை ஒன்றின்மேல் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 9,000 லீற்றர் நீர் விழுகிறது. நாம் வீட்டுக்கு வைக்கும் 1,000 லீற்றர் தாங்கிகளில் அது ஒன்பதை நிரப்பும். ஒரு சரிவில் அத்தகைய 100 கூரைகள் இருந்தால் ஒன்பது இலட்சம் லீற்றர். அந்த இடத்தில் முன்பு புல்லும் மரமும் நின்றபோது மெல்ல மெல்ல இறங்கிய நீர், இன்று கூரையிலிருந்து சீமெந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தார்வீதிக்குமாக ஒரே பாய்ச்சலில் வந்துவிடுகிறது. எங்கள் வீதியோரத்தில் ஓடிய ஓடையின்மேல் சில ஆண்டுகளுக்கு முன்னர் கொங்கிறீற்றுப் பலகை போட்டு மூடி, அதன்மேல் ஒரு கட்டடமும் எழுப்பப்பட்டது. கீழே குடியிருக்கும் நாங்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்த முறைப்பாடுகளுக்கு, கட்டடத்துக்கு அனுமதி உண்டு என்ற பதில் மட்டுமே கிடைத்தது. அடுத்த மழையில் ஓடை தன் பழைய வழியைக் காணாமல் எங்கள் வீடுகளின் வாசல்வழியே போயிற்று.

வெளிநாடுகளில் இதற்குக் கண்ட வழிகள் பல. சிங்கப்பூர் 2006ஆம் ஆண்டு முதல் தன் வாய்க்கால்களையும் நீர்த்தேக்கங்களையும் மக்கள் வாழ்விடத்தோடு இணைக்கும் திட்டமொன்றை நடைமுறைப்படுத்தி வருகிறது. அதன்படி பிஷான் பூங்காவினூடாகச் சென்ற 2.7 கிலோமீற்றர் நீளமான கொங்கிறீற்று வாய்க்கால் உடைக்கப்பட்டு, 2012இல் புல்லும் கல்லும் கரையாகக் கொண்ட வளைந்து செல்லும் ஆறாக மாற்றப்பட்டது. மழை குறைந்த நாளில் மக்கள் அதன் கரையில் உலாவுகிறார்கள். மழை கூடிய நாளில் அக்கரைகளே வெள்ளத்தைத் தாங்கிக்கொள்கின்றன. சீனாவும் மழைநீரை நிலத்துக்குள் உறிஞ்சவிடும் நகரங்களைப் பெருமளவில் அமைத்து வருகிறது. இவற்றைப் பாராட்டும் அதேவேளை ஓர் எச்சரிக்கையையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சமதரையில் நீரை மண்ணுக்குள் இறக்குவது நன்மை. செங்குத்தான மலைச்சரிவில் அதே வேலை உயிரைக் குடிக்கும். மண்துகள்களுக்கு இடையே நீர் நிரம்ப நிரம்ப அதன் அழுத்தம் மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. பாறைமேல் படிந்திருக்கும் தளர்ந்த மண் ஒரு கட்டத்தில் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் நழுவிவிடுகிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியாபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வரையறுத்திருப்பதும் இதனாலேயே. ஆகவே, சமதரை நகரங்களுக்கு எழுதப்பட்ட திட்டத்தைப் படியெடுத்து, சரிவில் உள்ள வீட்டுக்கும் ஊறுகுழி வெட்டச் சொல்வோரை நாம் தடுக்க வேண்டும். அங்கே கூரைநீரை மட்டுமன்றிக் குளியலறை, சமையலறைக் கழிவுநீரையும் குழாயில் கட்டி, கல் பதித்த கானில் இறக்க வேண்டும். நீரை நிறுத்திவைக்க வேண்டிய இடம் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள தட்டைநிலம்.

அந்தத் தட்டைநிலங்களைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். கண்டி வாவி ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனால் 1807இல் கட்டத் தொடங்கப்படுவதற்கு முன் அவ்விடம் வயல்நிலமாக இருந்தது. சுற்றியுள்ள குன்றுகளின் நீர் வந்து இறங்கிய பள்ளம் அது. வாவியிலிருந்து வழியும் நீர் மெத எல என்னும் ஓடையாக நகரின் நடுவே ஓடி மகாவலிக்குப் போகிறது. அந்த ஓடையை இருபுறமும் கட்டடங்கள் நெருக்கிவிட்டன. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் அமைக்கப்பட்டது. மேலேயுள்ள மரக்கறித் தோட்டங்களின் மண் அதில் வந்து படிந்துகொண்டே இருக்கிறது. ஓடைக்கரையிலும் சதுப்பிலும் இன்னும் கட்டடம் எழாத ஒவ்வொரு துண்டு நிலத்தையும் பொது நிலமாக அறிவித்து, விளையாட்டுத் திடலாகவோ புற்றரையாகவோ விட்டுவைத்தால், ஆண்டில் சில நாட்கள் அது நீரில் மூழ்குவதால் யாருக்கும் நட்டமில்லை.

தடைக்கல்லாக நிற்பது பெரும்பாலும் நிருவாக எல்லை. மண்சரிவு ஏற்படக்கூடிய பிரதேசங்களை 1:10,000 அளவுத்திட்டத்தில் காட்டும் வரைபடங்கள் நம்மிடம் உள்ளன. கட்டுவதற்கு முன் இடர் மதிப்பீட்டு அறிக்கை பெறும் ஒழுங்கும் உள்ளது. ஆயினும் அந்த அனுமதி ஒவ்வொரு காணித் துண்டுக்கும் தனித்தனியே கொடுக்கப்படுகிறது. பத்துக் காணிகளுக்குத் தனித்தனியே கொடுத்த அனுமதி, அந்தப் பத்தின் நீரும் ஒன்றாகச் சேரும் பதினோராவது காணியை என்ன செய்யும் என்று கேட்பதில்லை. மேலே தோட்டக் கம்பனி, நடுவே வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பெருவீதி, கீழே நகரசபை, அதற்கும் அப்பால் பிரதேச சபை என்று ஒரே ஓடை நான்கு கைகளில் கிடக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை செலவு செய்வதற்குப் பெரும் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். அந்தத் திருத்தத்தின் பயன் தெருவிளக்கோடும் பாதைச் செப்பனிடலோடும் நின்றுவிடாமல், நகருக்கு மேலேயுள்ள தோட்டக் கான்களைத் துப்புரவு செய்வதற்கும் வர வேண்டும். மேலே ஒரு கானைத் தூர்வாரும் செலவு கீழே ஒரு கடைத்தொகுதி சேறாவதைத் தடுக்கும்.

மழைநீர் சேகரிப்பு பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 2005இல் தேசியக் கொள்கை வந்தது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. ஒரு தாங்கியால் பெருமழையைத் தடுக்க முடியாது என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும். ஆனால் பாடசாலை, கோயில் மண்டபம், சந்தைக் கட்டடம் போன்ற பெரிய கூரைகளின் நீரை உறுதியான தரையிலமைந்த பெருந்தாங்கிகளில் பிடித்துவைத்தால் பங்குனியில் பவுசருக்குக் காத்திருக்கும் நாட்கள் குறையும். நிலத்தடி நீரை அலட்சியம் செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பண்டாரவளை மக்கள் அறிவார்கள். 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நீர் கசியத் தொடங்கியதும் அவர்களுடைய கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களும் வெடிப்புக் கண்டன.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மலையகம் முழுவதற்கும் ஒரே திட்டம் பொருந்தாது. ஹட்டனும் வட்டவளையும் வைகாசி முதல் புரட்டாதி வரையான தென்மேல் பருவமழைக்கு ஆட்பட்டவை. பதுளையும் அதன் சுற்றுப்புறமும் வடகீழ் பருவக்காற்றை எதிர்கொள்பவை. வெப்பம் கூடக் கூடக் காற்று அதிக நீராவியைச் சுமப்பதால், முன்பு பல நாட்களில் பெய்த மழை சில மணி நேரத்தில் கொட்டிவிடும் நிலை கூடிவருகிறது. நம் நகரங்களின் மதகுகளும் கான்களும் அந்த மழையைக் கணக்கில் எடுத்துக் கட்டப்பட்டவையல்ல.

ஆகவே ஹட்டனைப் பொறுத்தவரை என் வேண்டுகோள் இது. தென்மேல் பருவமழை தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, நகரசபையும் அயல் பிரதேச சபைகளும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகளும் தோட்ட நிருவாகத்தினரும் சிங்கமலை அடிவாரத்திலிருந்து டிக்கோயா வரை ஓடையின் வழியே ஒன்றாக நடந்து பார்க்க வேண்டும். மூடப்பட்ட கான், அடைபட்ட மதகு, மீதமுள்ள தட்டைநிலம் ஆகியவற்றை ஒரு படத்தில் குறித்து, அதை எல்லோரும் பார்க்கும்படி நகரசபை வாயிலில் வைக்க வேண்டும். அந்தப் படத்தைப் பாராமல் புதிய கட்டடம் எதற்கும் அனுமதி வழங்கலாகாது. கான் வெட்டிய முதியவர்கள் சிலர் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கட்டடத்துக்கு அடியில் எந்த ஓடை கிடக்கிறது என்பதை அவர்களால் கைநீட்டிக் காட்ட முடியும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.