தாவரவியலுக்கும் மனையியலுக்கும் பொதுவாக ஒரு பாடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை அறிவியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை நடந்துவரும் இந்நாட்களில், டெல்டா மாவட்டப் பெற்றோரும் கல்வித்துறையினரும் கவனிக்க வேண்டிய ஒன்றை எழுத விரும்புகிறேன். திருவாரூர் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் 26 ஆண்டுகள் தாவரவியல் பயிற்றுவித்து ஓய்வு பெற்றவள் நான். சேர்க்கை மேசையில் உட்கார்ந்த ஆண்டுகளில் எல்லாம் கணினி அறிவியலுக்கும் வணிகவியலுக்கும் வரிசை நிற்கும். எங்கள் துறைக்கோ, கேட்ட பாடம் கிடைக்காதவர்களே பெரும்பாலும் வந்து சேர்ந்தார்கள். மனையியலைப் பற்றி விசாரிப்பவர்கள் அதைவிடக் குறைவு. நன்றாகப் படித்த ஒரு பெண்ணுக்கு அப்பாடத்தை நான் எடுத்துச் சொன்னபோது, உடன் வந்திருந்த தந்தை, "மனையியல்னா சமையல்தானேம்மா, அத அவ அம்மாகிட்டயே கத்துக்குவாளே" என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஊட்டச்சத்து, குழந்தை வளர்ச்சி, துணியியல், குடும்ப வள மேலாண்மை, விரிவாக்கக் கல்வி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே மனையியல். அமெரிக்காவில் இத்துறைக்கு அடித்தளமிட்ட எல்லன் சுவாலோ ரிச்சர்ட்ஸ், குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்த வேதியியலாளர். 1899இல் அவர் முன்னின்று கூட்டிய மாநாட்டிலிருந்துதான் இது ஒரு கல்வித்துறையாக உருப்பெற்றது. இரத்தசோகை உள்ள பெண்கள் பாதிக்கும் மேல் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும் தமிழ்நாட்டில், இதைச் சமையல் வகுப்பு என்று ஒதுக்கிவிடுவது நமக்குத்தான் இழப்பு.

எங்கள் மாணவிகளுக்குக் கற்கும் திறன் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஒருமுறை வயலுக்கு அழைத்துச் சென்று, நெல் நாற்றையும் அதன் நடுவே அதேபோல் வளர்ந்திருந்த குதிரைவாலிப் புல்லையும் பிடுங்கிக் கொடுத்து, வேறுபாடு கேட்டேன். பாடநூலைப் புரட்டியவர்கள் தடுமாறினார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாய்க்குப் பிறந்த ஒரு பெண், இலை தண்டைத் தழுவும் இடத்தை விரலால் விலக்கி, "நெல்லுல இங்க வெள்ளையா ஒரு சவ்வு நிக்கும் டீச்சர், இதுல இருக்காது" என்றாள். வகைப்பாட்டியல் நூல் சொல்வதும் இதைத்தான். அவளுக்கு அது தாயின் கைவழியாக வந்திருக்கிறது. அதற்குப் பாடத்திட்டத்தில் ஓர் இடம் கொடுக்கத்தான் நாம் தவறிவிட்டோம்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நெல்மணியை நெடுக்கே வெட்டி உருப்பெருக்கியில் பார்த்து, தவிட்டுப் படலத்தையும் முளைக்கருவையும் படம் வரைந்து குறிக்கும் தாவரவியல் மாணவி, அந்தப் படலம் தன் வீட்டுச் சோற்றுக்கு என்ன செய்கிறது என்று படிப்பதில்லை. உயிர்ச்சத்து அட்டவணையை மனப்பாடம் செய்யும் மனையியல் மாணவி, அது நெல்மணியில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் கருவிலும் உள்ள தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அதனால் ஆலையில் தீட்டிய பிறகும் புழுங்கலரிசியில் கணிசமான பங்கு தங்குகிறது. பச்சரிசியில் அதன் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது. புழுங்கலரிசியே ஆனாலும், பலமுறை கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டினால் தங்கியதிலும் ஒரு பகுதி வெளியேறிவிடும். நம் பாட்டிமார் வடிகஞ்சியை வீணாக்காமல் உப்பிட்டுக் குடிக்கக் கொடுத்ததன் பயன் இங்கேதான் விளங்குகிறது. இந்த ஒரு செய்தியை முழுமையாகச் சொல்ல இரண்டு துறைகளும் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். சேர்க்கை குறைந்ததைக் காரணம் காட்டித் தாவரவியல் துறைகளைச் சுருக்காமல், டெல்டாப் பகுதிக் கல்லூரிகளில், குறிப்பாகப் பெண்கள் கல்லூரிகளில், தாவரவியலையும் மனையியலையும் இணைக்கும் ஒரு துணைப்பாடத்தைத் தொடங்க வேண்டும். தாவரவியல் மாணவர்கள் உணவும் ஊட்டச்சத்தும் படிக்கட்டும். மனையியல் மாணவியர் பயிர்களைப் படிக்கட்டும். இதற்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் எது? ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. தஞ்சாவூரில் உணவு பதனத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தாவரங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் திருச்சியில் ராபினட் உலர்தாவரத் தொகுப்பகம் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும், உப்பு மண்ணைத் தாங்கும் குழியடிச்சானும் இன்னும் நம் வயல்களில் விளைகின்றன.

காலமும் ஒத்துவருகிறது. ஜூனில் மேட்டூர் திறந்து குறுவை விதைக்கும்போதுதான் கல்லூரியும் திறக்கிறது. ஆடுதுறை 43 என்னும் நெல் ரகம் ஏறத்தாழ 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஆக, இரண்டாமாண்டு மாணவர்கள் மூன்றாம் செமஸ்டர் முடிவதற்குள், கல்லூரி நிலத்தில் சில சென்ட் விதைத்து, களை பிரித்தறிந்து, அறுத்து, அவித்து, உலர்த்தி, சோறாக்கி, வடித்த கஞ்சியையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்துவிட முடியும். புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. நெல் அவிக்கும் அண்டா எங்கள் ஊர்களில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவினர் இதைத் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை,
திருவாரூர் மாவட்டம்.