நாலாவது போர்ஹோல்

ஆற்காடு,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுந்தரம்,

உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்கு ஒரு சமாதானம் எழுதி, அது எனக்கே பொய்யாகப் பட்டதால் கிழித்துப் போட்டுவிட்டேன். திட்டுவதை நேரில் திட்டு. இங்கே எல்லாரும் நலம். என் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அதையே சொல்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பார்ட்டி, கிடங்கு கட்ட மண் பரிசோதனை கேட்டார். மண்ணைத் துளைத்துப் பார்க்க நாலு போர்ஹோல், ஒவ்வொன்றும் பத்து மீட்டர், தாங்குதிறன் அறிக்கை. மேலே ஒன்றரை மீட்டருக்கு எப்போதோ கொட்டி ரொப்பிய மண், அதன் கீழே களி, அப்புறம் வெடிப்பு விட்ட பாறை. ரொப்பிய மண்ணா அது! 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து 40 தடவைக்கு மேல் விழுந்தால்தான் குழாய் 30 செ.மீ. இறங்கியது. அடி கூடக் கூட மண் உறுதி என்று அர்த்தம். ரோலரே விடாத மண்ணுக்கு இந்த நம்பர். பார்ட்டிக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். நமக்குச் சொல்லிக்கொடுத்த பாண்டி சார் இருந்திருந்தால், “நம்பர் அழகா இருக்கா? அப்போ மோந்து பாருடா” என்றிருப்பார். நான் மோந்து பார்க்கவில்லை.

நாலாவதில், களிக்கு மேலே தேங்கியிருந்த தண்ணீர் வந்தது. மஞ்சள். செம்மண் கலங்கல் இல்லை, ஹைலைட்டர் பேனாவைக் கரைத்த மாதிரிப் பளீரென்று மஞ்சள். துளைபோடும் ரிக்கில் வேலை செய்யும் பையன் அதிலேயே கை கழுவிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்த் தடுத்து நல்ல தண்ணீர் ஊற்றினேன். பி.எச். தாள் 11 காட்டியது, கடுங்காரம். ஒரு பாட்டில் பிடித்துக் கல்லூரி லேபுக்குக் கொண்டுபோனேன். அமிலம் விட்டு, டைபீனைல் கார்பசைடு ஒரு சொட்டு. கத்தரிப்பூ நிறம் வந்தது. ஆறு இணைதிற குரோமியம்.

கெமிஸ்ட்ரியில் நீ எத்தனை வாங்கினாய் என்று எனக்குத் தெரியும் என்பதால் மெதுவாகவே சொல்கிறேன். குரோமைட் தாதுவோடு சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் வறுத்து, தண்ணீரில் கரைத்துக் குரோமேட் உப்பை எடுப்பார்கள். எடுத்தது போக மிஞ்சும் சக்கையில் கொஞ்சம் குரோமியம் தங்கிவிடும். மூன்று இணைதிறத்தில் இருந்தால் பெரும்பாலும் கரையாமல் கிடக்கும், தோல் பதனிடுவதும் அதை வைத்துத்தான். ஆறாக இருந்தால் தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் தரும். குடிநீரில் லிட்டருக்கு மொத்தக் குரோமியமே 0.05 மில்லிகிராம்தான் இருக்கலாம். எழுபதுகளில் தொடங்கி, தொண்ணூறுகளில் மூடிய இங்கத்திய குரோமேட் ஆலையின் வளாகத்தில் இந்தச் சக்கை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கதை உனக்கும் தெரியும். என் சைட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், “அது அப்பா காலத்துல கொட்டினது சார்” என்கிறார் பார்ட்டி.

அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஹட்சன் கவுன்ட்டியில் இதே சக்கை 20 லட்சம் டன்னுக்கு மேல். மணல் மாதிரி இருக்கிறதே என்று வீட்டு மனைக்கெல்லாம் ரொப்பினார்கள். பிறகு நிலவறைச் சுவரில் மஞ்சள் பூத்தது. பால்டிமோரில் டண்டாக் துறைமுகத்தில் இதை ரொப்பி மேலே தார்த்தளம் போட்டார்கள், தளம் மேடு மேடாக எழும்பியது. இந்தச் சக்கை இறுகிக் கிடக்கும், அதனால் நம்பர் அழகாக வரும். ஈரம் பட்டால் வருஷக்கணக்கில் மெல்ல உப்பும். பாரம் தாங்கும் மண்தான், ஆனால் கட்டடத்தையே தூக்கிவிடும். முப்பது வருஷமாக மண் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டவன், இப்போது எவ்வளவு ஏறும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மருந்து என்ன தெரியுமா? அன்னபேதி! அம்மா எனக்குச் சோகைக்குக் கொடுத்தாளே, அதே இரும்பு சல்பேட். ஆறை மூன்றாக்கிவிடும், மஞ்சள் போய்விடும். மூட்டை மூட்டையாக வாங்கிக் கலந்துவிடலாம் என்று குதித்தேன். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் உறைத்தது. சல்பேட்டும் அந்தச் சக்கையில் இருக்கும் சுண்ணாம்பும் அலுமினியமும் சேர்ந்தால் எட்ரிங்கைட். கான்கிரீட் பாடத்தில் படித்தோமே, ஒரு மூலக்கூறுக்கு 32 தண்ணீரைக் குடித்துவிட்டு உப்புகிற அதே சனியன். விஷத்தை முறிக்கிற மருந்தே தரையைப் பிளக்கும். இதைக் கண்டதும் எனக்குப் பயத்தைவிட உற்சாகம் அதிகமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து படம் போட்டேன். வீட்டில் லைட்டை அணைக்கச் சொன்னார்கள்.

அறிக்கையில் மஞ்சள் தண்ணீரையும் எழுதினேன். “உங்களைக் கேட்டது தாங்குதிறன் மட்டும்தானே சார்?” என்று பாதிப் பணத்தை நிறுத்திவிட்டார். போகட்டும். இதை எழுதியதால் என்னை யோக்கியன் என்று நினைத்துவிடாதே.

மஞ்சளைப் பார்த்ததும் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மீட்டர் கணக்கில்தானே பில்? களியைத் துளைத்துப் பாறை வரை பத்து மீட்டரையும் முடித்தோம். அன்று வெள்ளிக்கிழமை. ஆட்கள் துளை இடியாமல் தாங்கும் கேசிங் குழாயை உருவிக்கொண்டு ஆடிக் கிருத்திகைக்குக் கிளம்பினார்கள். ஓட்டை மேல் ஒரு சாக்கும் கல்லும் வைத்துவிட்டு நானும் லேபுக்குப் போய்விட்டேன். சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. திங்கட்கிழமைதான் பென்டோனைட் என்ற உப்பும் களிமண்ணும் சிமென்ட்டும் கலந்து அடியிலிருந்து அடைத்தேன்.

அந்தக் களிதான் இத்தனை வருஷம் அந்த விஷத்தைக் கீழே விடாமல் தாங்கிக்கொண்டிருந்தது. அதில் 150 மி.மீ. ஓட்டை போட்டவன் நான்.

நீ சுரங்கத்தில் வருஷக்கணக்கில் கிரௌட், அதாவது துளையை அடைக்கும் சிமென்ட் கரைசல், அடித்தவன். மூன்று நாளில் எவ்வளவு இறங்கியிருக்கும்? அடைத்தது நிற்குமா, பக்கத்தில் இன்னொன்று போட்டுப் பார்க்கலாமா, இல்லை இனிமேல் அங்கே எதையும் துளைக்கவே கூடாதா? தேற்றுவதற்காக எதையும் சொல்லாதே, கணக்கைச் சொல்.

80 மீட்டர் தள்ளி ஒரு தென்னந்தோப்புக் கிணறு. நேற்று அதில் தண்ணீர் எடுத்து லேபில் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை முடிவு வரும். பாட்டிலோடு நின்றவனைத் தோப்புக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார். எதற்குத் தண்ணீர் எடுத்தேன் என்று சொல்லாமலேயே குடித்துவிட்டு வந்தேன்.

உன்,
சண்முகம்