நூறடிச் சுவரில் ஐயாயிரம் ஆண்டு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் தெருப்பக்கச் சுற்றுச்சுவரில் உலக வரலாற்றுக் காலக்கோட்டை வரைந்து முடித்துவிட்டோம். பள்ளி கேட்டை ஒட்டி கி.மு. 3000-ல் தொடங்குகிறது. ஓர் அடிக்கு ஐம்பது ஆண்டு என்ற கணக்கில் இன்றைய தேதி வரை வந்து சேர நூறடிக்குச் சற்று மேல் ஆகிறது. சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலர் நான். என் பெயரைச் சொல்லிப் பாராட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். உண்மையில் யார் யார் வேலை இது என்பதை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி உயிரோடு இல்லாத ஒருவருக்கு. ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் என்று அறிவியல் பாடத்தில் வரும் ஜோசப் பிரீஸ்ட்லி, அதற்கு முன்பே வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியர். 1765-ல் புகழ்பெற்றவர்களின் வாழ்நாளை நீளக் கோடுகளாக ஒரே தாளில் வரைந்தார். 1769-ல் பேரரசுகளையும் அதேபோல வரைந்தார். நூறு ஆண்டு என்றால் தாளில் எங்கே வைத்துப் பார்த்தாலும் ஒரே அகலம்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய முறை. எங்கள் சுவரும் அந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. பாடப்புத்தகங்களில் வரும் காலக்கோடுகளில் சிந்துவெளிக்கு ஒரு கட்டம், சுதந்திரப் போராட்டத்துக்கும் அதே அளவில் ஒரு கட்டம். எழுநூறு ஆண்டும் எழுபது ஆண்டும் பிள்ளைகள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தால் பிறகு என்ன சொல்லியும் பயனில்லை.

சுவரைக் கொடுத்த தலைமை ஆசிரியை அம்மாவுக்கும், ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டுக்கொடுத்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் நன்றி. விரிசலை அடைத்து, பட்டி பூசி, மட்டக்குழாய் வைத்து நூறடிக்கும் ஒரே மட்டத்தில் கோடு போட்டுத் தந்த மேஸ்திரி அண்ணன் கூலியே வாங்கவில்லை.

ஆர்டிஸ்ட் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். பிளெக்ஸ் போர்டு வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துச் சுவர் விளம்பரமெல்லாம் அவர் கைதான். அடிக்கணக்கைக் கேட்டதும் அவர் சண்டைக்கே வந்துவிட்டார். "கொலம்பஸ் கப்பல் ஏறுனதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் பதினோரு அடிகூட இல்லையேம்மா, காந்திய எங்க வைக்கிறது, நிலாவுல கால் வச்சவன எங்க வைக்கிறது?" நியாயமான கேள்விதான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் அவரே. கோட்டில் புள்ளி மட்டும் வைத்து, அங்கிருந்து மெல்லிய நூல்போல ஒரு வரி மேலே இழுத்து, படத்தை மேல் வரிசையில் போட்டார். அந்தக் கடைசிப் பத்தடியைப் பார்த்தால் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கிறது. முதல் முப்பதடியில் ஆள் நடமாட்டமே இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அவர் வரைந்த கம்பளி யானையை (மாமத் என்பார்களே, உடலெல்லாம் மயிரோடு இருந்து அழிந்துபோன யானையினம்) பார்க்கத்தான் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். பென்னாகரம் காட்டோரத்தில் யானையை நேரில் பார்த்தே வளர்ந்தவர் என்பதால், மயிர் மட்டும் கூடுதலாகப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். எகிப்தில் பெரிய பிரமிடு கட்டியது சுமார் கி.மு. 2560-ல், சுவரில் ஒன்பதாவது அடி. ஆர்க்டிக் கடலில் ரேங்கல் என்ற தீவில் கடைசிக் கம்பளி யானைகள் அழிந்தது சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இருபதாவது அடி. அதாவது பிரமிடு கட்டி முடித்த பிறகும் அவை உலவிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில், பதினேழாவது அடிக்குள், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அரசு அறிவித்தது. கம்பளி யானை உலவிய காலத்தில் நம் பக்கத்தில் இரும்பு இருந்திருக்கிறது என்பதை இந்தச் சுவர் இல்லாமல் நானே யோசித்திருக்க மாட்டேன்.

2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளை இரும்புக்குக் கி.மு. 3345 என்று அறிவித்தார்கள் அல்லவா? எங்கள் கணக்குப்படி அது சுவர் தொடங்குவதற்கு ஏழடி முன்னால், சரியாக இரும்பு கேட்டின் மேல் வருகிறது. வெல்டிங் பட்டறைத் தம்பி ஒரு தகரப் பலகையை வெட்டி அந்த இடத்திலேயே கேட்டில் பற்றவைத்துத் தந்தார். காலையில் கேட்டைத் திறந்தால் சிவகளையும் சேர்ந்து உள்ளே போகிறது. இப்போதைக்கு வேறு வழியில்லை!

தருமபுரிக் கல்லூரியிலிருந்து பேருந்தில் வந்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்துக்கொடுத்த வரலாற்றுப் பேராசிரியர் ஐயாவுக்கு நாங்கள் வைத்த பெயர் "சுமார் ஐயா". எங்கெல்லாம் நாங்கள் உறுதியாக ஓர் ஆண்டைப் போட்டோமோ அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் 'சுமார்' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். தகடூரை ஆண்ட சங்ககால மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சிக்கு ஆண்டு போடவே விடவில்லை. தகடூர் என்றால் நம் தருமபுரிதான், நம் மண், புள்ளியாவது வைக்கக்கூடாதா என்று பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். அசோகரின் கல்வெட்டில் சத்தியபுத்திரர் என்று ஒரு மரபு வருவதையும், 1981-ல் ஜம்பையில் கிடைத்த தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்று குறிப்பதையும் அவர் அங்கேயே நின்று விளக்கினார். அதனால் அதியமானுக்குப் புள்ளிக்குப் பதிலாக, அசோகர் காலத்துக்குப் பக்கத்தில் தொடங்கி மெல்ல மங்கி மறையும் ஒரு பச்சைப் பட்டை. நெல்லிக்கனி உண்டு, ஒளவையாரும் உண்டு. ஆண்டு மட்டும் இல்லை.

சத்துணவு அக்காவின் கேள்வியால்தான் சுவரில் தனியாக ஒரு சாப்பாட்டு வரிசையே வந்தது. "ராஜா ராணி எல்லாம் சரி, மிளகாய் எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-க்குப் பிறகுதான் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1010-ல் குடமுழுக்கு நடந்தபோது சமையலில் காரத்துக்கு மிளகுதான். நம் ஊர்க் களிக்கு உயிரான கேழ்வரகோ கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்தது. மிளகாய்க்கு வெகுகாலம் முன்பே இங்கே வந்து தங்கிவிட்டது. நம் மாவட்டத்துச் சாலையோரமெல்லாம் நிற்கும் புளியமரத்துக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காதான். இதைக் கேட்டு அக்கா சொன்னது: "அப்போ என் ரசத்துல நம்ம சாமான் மிளகு மட்டும்தானா?" அந்த வரிசைக்கு மேல் அதையே எழுதிவைத்திருக்கிறோம். வேலை நடந்த நாளெல்லாம் எங்களுக்குக் கம்பங்கூழ் ஊற்றியவரும் அவரே.

பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் எங்கள் ஊர் அண்ணன்மாருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பணம் அனுப்பினீர்கள், அது சரி. வேலை முடிந்த இடங்களில் சொல்லிக் கேட்டு வாங்கி, மிச்சப் பெயின்ட் டப்பாக்களை ஒவ்வொரு ஊர்ப் பயணத்திலும் சுமந்து வந்தீர்களே, அதில்தான் பாதிச் சுவர் நிற்கிறது. பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் பிஸ்கட் கலரே அடிக்கிறார்கள் போலிருக்கிறது. மங்கோலியப் பேரரசு, ரோமப் பேரரசு, சகாரா பாலைவனம் மூன்றும் எங்கள் சுவரில் பிஸ்கட் கலர்தான். ஒரு நிறுவனம் புதுப் பெயின்டே தருகிறோம், நடுவில் எங்கள் பெயரை ஆறடிக்கு எழுதுங்கள் என்றது. ஆறடி என்றால் முந்நூறு ஆண்டு. வேண்டாம் என்றோம்.

எதிர்வீட்டுத் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து உள்ளூர்ச் சேதிகளைச் சொன்னார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் கண்மூடிய விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் புள்ளிக்கு அவர்தான் காவல். ராஜாஜியும் நம் பக்கம்தான்: 1878-ல் தொரப்பள்ளியில் பிறந்து 1972-ல் மறைந்தார், அவர் கோடு ஏறக்குறைய இரண்டடி நீளம். 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி, 1792-ல் திப்புவிடமிருந்து நம் பக்கமான பாரமகால் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கைக்குப் போனது, 1799-ல் திப்பு வீழ்ந்தது — மூன்றும் நான்கு விரல் அகலத்துக்குள் அடங்குவதைப் பார்த்து அவர் பேசாமல் போய்விட்டார். மறுநாள் வந்து பாரிஸ் எங்கே இருக்கிறது என்று மேப்பில் காட்டச் சொன்னார்.

பிள்ளைகளே, உங்களை விடுவேனா? கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1 என்றால் பூஜ்ஜியம் எங்கே என்று கேட்டு எல்லோரையும் நிறுத்திய ஏழாம் வகுப்புப் பெண்ணே, அப்படி ஓர் ஆண்டே கணக்கில் இல்லை என்று சொன்ன பிறகும் நீ நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அவரவர் வயதை அளந்து பார்த்து, பன்னிரண்டு வயசுக்கு மூன்று அங்குலம்தானா என்று நொந்துகொண்டீர்கள். எண்பது வயதுப் பாட்டிக்கும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். டைனோசரை ஏன் போடவில்லை என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு: அவை அழிந்து 6.6 கோடி ஆண்டு. இந்த அளவில் போட்டால் சுவர் 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சென்னையைத் தாண்டிக் கடலுக்குள் இறங்க வேண்டியிருக்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மீதிப் பணத்தில் வெயில் அதிகம் அடிக்கும் பகுதிக்கு வார்னிஷ் வாங்கப்போகிறோம். சுவரின் மறுகோடியில் வெள்ளையாக விட்டிருக்கும் இடத்தைக் காலியிடம் என்று நினைத்துவிட வேண்டாம். அது இனி வரும் ஆண்டுகளுக்கு. காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாவற்றையும் எதிரே உள்ள பழைய பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் என்று அவர்களிடமும் கேட்டு வாங்கியாகிவிட்டது. அவர்களுக்கும் நன்றி.

அன்புடன்,
சாயங்கால வகுப்புத் தன்னார்வலர்,
தருமபுரி மாவட்டம்