மகளிர் பாரம்பரிய மாதம் கோலப் போட்டியோடு முடிய வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் பிறந்தால் டெல்டா மாவட்டக் கல்லூரிகளிலிருந்து உங்கள் மாவட்டப் பக்கத்துக்கு வரும் செய்திகள் அநேகமாக ஒரே அச்சில் இருக்கின்றன. கோலப் போட்டி, மெகந்தி, அடுப்பில்லாச் சமையல், பட்டுப்புடவையில் குழுப்படம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. கோலத்தின் மேல் எங்களுக்குக் கோபம் எதுவும் இல்லை. 'மகளிர் பாரம்பரிய மாதம்' என்று பேனர் கட்டிவிட்டு, இந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயர்கூட உச்சரிக்கப்படாமல் விழா முடிவதுதான் உறுத்துகிறது.

இந்த மாதக் கொண்டாட்டம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1978-ல் கலிஃபோர்னியாவின் சொனோமா வட்டாரத்தில் ஒரு வார நிகழ்ச்சியாகத் தொடங்கி, 1987-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் மார்ச் மாதம் முழுவதற்கும் விரித்தது. பாடப்புத்தகத்தில் இடம் கிடைக்காத பெண்களைத் தேடி எடுப்பதுதான் அதன் நோக்கம். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தேடலைத்தான்.

தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவிகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் ஏறுகிறதே, 'புதுமைப் பெண்' பணம் என்று, அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் இருப்பவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962). மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர் மூவலூர். பெண்களைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து மேடை மேடையாகப் பேசியவர். அதையே 1936-ல் நாவலாகவும் எழுதியவர். பணம் ஏறிய குறுஞ்செய்தியைப் பார்க்கும் மாணவிக்கு அவர் யாரென்று தெரியாவிட்டால், மாதத்தின் முதல் வேலை அங்கேயே இருக்கிறது.

யார் யாரைப் பற்றிப் பேசுவது என்று பட்டியல் போடும்போதே வழக்கமாக மூன்று கோளாறுகள் நடக்கின்றன. ஒன்று, 'பொன்னியின் செல்வன்' நாவலில் வரும் நந்தினியும் பூங்குழலியும், ராஜராஜ சோழனின் அக்கா குந்தவைக்குப் பக்கத்திலேயே வரலாற்றுப் பெண்களாகச் சுவரொட்டியில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் கற்பனைப் பாத்திரங்கள். குந்தவைக்கு என்று நம்பகமான உருவப்படம் கிடையாது. சினிமா நடிகையின் படத்தையோ கணினி வரைந்த முகத்தையோ ஒட்டுவதைவிட, அவர் கொடைகளைச் சொல்லும் கல்வெட்டின் படத்தை ஒட்டலாம். இரண்டு, தில்லையாடி வள்ளியம்மையைத் தில்லையாடியில் பிறக்கவைத்துவிடுகிறார்கள். அது பெற்றோரின் ஊர். அவர் பிறந்தது 1898-ல் ஜோகன்னஸ்பர்க்கில். காந்தி அங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்று, வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் அங்கேயே இறந்தார். தில்லையாடியை அவர் பார்த்ததே இல்லை. மூன்றாவதுதான் பெரிய கோளாறு: பட்டியலில் அரசிகள் மட்டுமே இருப்பார்கள், நாற்று நட்ட ஒருத்திகூட இருக்க மாட்டாள்.

அரசிகளைச் சொல்லவே கூடாது என்பதில்லை. கோனேரிராஜபுரத்தில் செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தர் பெயரில் கற்றளி (கற்கோயில்) எடுத்ததும், திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைக் கல்லால் புதுப்பித்தபோது அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துத் திரும்ப வெட்டவைத்ததும் மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஆவணத்தைக் காப்பாற்ற நினைத்த பெண்ணைப் பற்றி ஆவணக் காப்பு வகுப்பிலும் சொல்லலாம். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் இதைவிடப் பெரிய புதையல் ஒன்று இருக்கிறது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் தெருக்களில் வாழ்ந்து கோயில் பணி செய்த பெண்கள், 400 பேரின் பட்டியல் அது. எந்தத் தளிச்சேரி (கோயில் தெரு), எந்தச் சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாம் வீடு, பெயர் என்ன, எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று வரிசையாக வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

இதை ஒரு வகுப்பே சேர்ந்து செய்யலாம். மூலம் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. சுவரிலிருந்து படிக்கப் போக வேண்டாம், அச்சிலிருந்து தொடங்குங்கள். சோழர் காலக் கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு இராது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இராது. முதல் நாளே சுவர் முன் நிறுத்தினால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். 20 மாணவர்கள், ஆளுக்கு 20 பெயர். கணினி அட்டவணையில் ஆறு பத்திகள்: தளிச்சேரி, சிறகு, வீட்டு எண், பெயர், வந்த ஊர், வந்த கோயில். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் 'நக்கன்' என்ற முன்னொட்டும் இருக்கும். ஆகவே பெயரை வைத்து வரிசைப்படுத்தினால் இரண்டு பேர் ஒருவராகிவிடுவார்கள். ஆளை அடையாளம் காட்டுவது தெருவும் வீட்டு எண்ணும்தான். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு வந்த ஊர்களைப் படத்தில் குறியுங்கள்: திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று டெல்டா முழுக்கப் புள்ளிகள் விழும். தங்கள் ஊரிலிருந்தும் ஒருத்தி போயிருக்கிறாள் என்று கண்டுபிடிக்கும் மாணவிக்கு அதற்குமேல் சொற்பொழிவு தேவைப்படாது.

அதன்பின் கோயிலுக்குப் போகலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் அவர்களிடமும், அறநிலையத் துறைக் கோயிலென்றால் செயல் அலுவலரிடமும் கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சுண்ணாம்பு, மாவு, எண்ணெய், விபூதி எதையும் தேய்க்கக் கூடாது; இடுக்கில் தங்கி எழுத்தை அரிக்கும். டார்ச்சை நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வெட்டின் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுங்கள். இல்லாவிட்டால் வரி எங்கே விட்டது, எங்கே தொட்டது என்று பிறகு தெரியாது.

இனி நடவுப் பாட்டு. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் முழுப்பாட்டும் மனப்பாடமாக உள்ளவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டிய அம்மாக்கள்தான். கல்லூரி இதைப் பதிவு செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

நேரம் பார்ப்பது முக்கியம். மார்ச்சில் சம்பா, தாளடி அறுவடை முடிந்த வயலில் உளுந்தும் பயறும் இருக்கும். காலையில் போனால் தெருவில் ஆள் இருக்காது. செடி பிடுங்கப் போயிருப்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போங்கள். அவர்களைக் கல்லூரி மேடைக்கு வரவழைப்பதைவிட அவர்கள் தெருவுக்கே போவது நல்லது. நாட்டாண்மை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் பாதிப் பாட்டு வெளியே வராது. வசை கலந்த வரிகள் யாரைக் குறித்தவையோ அவர் வீட்டிலேயே அதைப் பாடுவார்களா?

ஒருவரை மட்டும் பதிவு செய்யாதீர்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுதான் நடவுப் பாட்டு. குறைந்தது நான்கைந்து பேர் வேண்டும். உட்கார்ந்து பாடினால் அடி தடுமாறும். எழுந்து குனிந்து, கையில் ஒரு நாற்று முடியோ வைக்கோலோ பிடித்துக்கொண்டால் கை நடக்கும்போது அடுத்த அடி தானாக வரும். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லவே கூடாது. நல்ல நாளில் வீட்டில் ஒப்பாரி வைப்பார்களா என்று கேட்டு எழுந்து போய்விடுவார்கள், நியாயமாகவே. ஊர்த் திடலோ மரத்தடியோ பாருங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கருவி பெரிதாக வேண்டாம். கைப்பேசியும் சட்டையில் குத்தும் மைக்கும் போதும். குழுப்பாட்டுக்கு மைக்கைப் பொதுவான இடத்தில் வையுங்கள். கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். மின்விசிறி, கிரைண்டர், தொலைக்காட்சி எல்லாம் நிற்கட்டும். தகரக் கொட்டகையிலும் டைல்ஸ் போட்ட கூடத்திலும் குரல் எதிரொலிக்கும். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக எடுங்கள், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 320 எம்பி இடம் பிடிக்கும். தொடக்கத்திலேயே நாள், ஊர், பாடுபவர் பெயர், பதிவு செய்பவர் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரல் சொல்லிவிடும். அன்றிரவே இரண்டு இடத்தில் படியெடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்தோம் என்பது சேமிப்பல்ல. பாட்டுக்குரிய அம்மா கேட்கும் முன் ஊரே கேட்டுவிடும்.

ஒப்புதல் என்பது கையெழுத்து மட்டுமல்ல. எதற்காக, எங்கே வைப்போம், யார் கேட்பார்கள், பெயர் போடலாமா என்று பேச்சுத் தமிழில் விளக்கி, அவர்கள் சொல்லும் சம்மதத்தையும் பதிவில் சேருங்கள். வேலையை விட்டு வந்தால் ஒரு நாள் கூலி கொடுங்கள். பொன்னாடை கூலியாகாது. அந்தத் தெருப் பிள்ளைகள் ஆயா என்றோ அப்பாயி என்றோ பெரியம்மா என்றோ எப்படிக் கூப்பிடுகிறார்களோ, அப்படியே கூப்பிடச் சொல்லுங்கள். 'மேடம்' என்று தொடங்கினால் பேச்சு அன்றோடு சரி.

'பெண்ணுரிமை பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டால் 'நாங்க என்னத்த நினைக்கிறது' என்றுதான் பதில் வரும். ஒரு மா நிலத்தில் நடவுக்கு எத்தனை ஆள், கூலி நெல்லா காசா, எந்தப் படியால் அளந்தார்கள், கைக்குழந்தையை எங்கே போட்டுவிட்டு நட்டீர்கள், முதல் நாற்று முடியை எடுத்துக்கொடுப்பது யார் என்று கேளுங்கள். கீழத் தஞ்சையில் அரைப்படி நெல் எவ்வளவு பெரிய சண்டை என்பது, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதைப் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த ஊர்ப் பக்கம் போனால் அந்த இரவைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பண்ணையார்களை எதிர்த்து விவசாயத் தொழிலாளரைத் திரட்டிய மணலூர் மணியம்மாளைப் பற்றி, புத்தகத்தில் இல்லாத செய்திகூட இந்தப் பேச்சில் கிடைக்கலாம்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரமாவது பிடிக்கும். பேசியபடியே எழுதுங்கள், 'திருத்தமான' தமிழாக்கினால் பாட்டின் எதுகையே போய்விடும்.

கண்காட்சி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. யூனிகோடில் தட்டச்சு செய்ததை அப்படியே அச்சகத்துக்குக் கொடுத்தால், பழைய மென்பொருளில் ஒற்றைக் கொம்பு எழுத்தை விட்டு விலகிப்போய் 'கொடை' வாசிக்க முடியாமல் சிதறும். எழுத்துருவைப் பொதிந்த பிடிஎஃப்பாகக் கொடுத்து, மாதிரிப் பிரதி ஒன்றைத் தமிழ்த் துறை ஆசிரியர் வரிவரியாகப் பார்த்தபின்பே மொத்தமும் அச்சாகட்டும். ஒரு பலகைக்கு 100 சொல்லுக்கு மேல் வேண்டாம். நின்று படிப்பவர்கள் அவ்வளவுதான் படிப்பார்கள். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே அமைந்தால் குட்டையானவர்களும் அண்ணாந்து பார்க்க வேண்டியிராது.

இதெல்லாம் மார்ச்சில் தொடங்கினால் நடக்காது. உள்மதிப்பீட்டுத் தேர்வு, செய்முறைத் தேர்வு, ஆண்டு விழா எல்லாம் அப்போதுதான் மோதும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் அனுமதிக் கடிதங்கள், பிப்ரவரியில் பட்டியல் பதிவு, மார்ச் முதல் இரண்டு வாரம் தெருவுக்குப் போவது, கடைசி வாரம் கண்காட்சி என்றால் சரியாக வரும். பதிவின் ஒரு பிரதி பாடியவர் வீட்டுக்கும், ஒன்று கல்லூரி நூலகத்துக்கும் போக வேண்டும். துறைத் தலைவரின் மடிக்கணினியோடு அது ஓய்வு பெற்றுவிடக் கூடாது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு நிகழ்ச்சி நடந்து செய்தி வந்தால், குத்துவிளக்கு ஏற்றும் படத்தோடு நிறுத்தாமல், பாடியவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் அவர்கள் பெயரையும் ஊரையும் போடுங்கள். 'மூதாட்டி ஒருவர்' என்று எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வரலாறு, தமிழ்த் துறை ஆசிரியர்கள் சிலர்,
மயிலாடுதுறை.