பெயரில் இல்லை மரணம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் வந்த கலிபோர்னியா தங்க வேட்டைக் கட்டுரையைப் படித்தால், குடியேறிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தது கலிபோர்னியப் பாலையிலுள்ள மரணப் பள்ளத்தாக்கில்தான் (டெத் வேலி) என்று தோன்றும். பெயர் செய்யும் மயக்கம்! 1849-இல் அங்கே சிக்கியவர்களில் பள்ளத்தாக்குக்குள்ளேயே இறந்ததாகத் தெரிவது ஒருவர்தான். மேன்லி, ரோஜர்ஸ் என்ற இருவர் நடந்தே போய் உணவு கொண்டுவந்து, காத்திருந்த குடும்பங்களை மீட்டார்கள்.

அதிகம் காவு வாங்கியது நெவாடாவின் நாற்பது மைல் பாலை. நூற்றுக்கணக்கான மைல் துணைவந்த ஹம்போல்ட் ஆறு அங்கே மண்ணுக்குள் சுவறிவிடும். அடுத்த நல்ல தண்ணீர் ட்ரக்கி அல்லது கார்சன் ஆற்றில்தான். வெயிலுக்குப் பயந்து இரவில் வண்டி ஓட்டினார்கள். ட்ரக்கி வழியின் நடுவே இருந்ததோ கொதிக்கும் ஊற்று. ஆறவைத்துத்தான் மாடுகளுக்குக் காட்ட வேண்டும். 1850-இல் எடுத்த கணக்கொன்று 953 கல்லறைகள் என்கிறது; செத்த குதிரைகள் ஏறக்குறைய 5,000.

அந்த வழியை 1844-இல் முதல் வண்டிக் கூட்டத்துக்குச் சொன்னவர் பையூட் பழங்குடித் தலைவர் ஒருவர். ட்ரக்கி ஆற்றுக்கே அவர் பெயர்தான். கட்டுரையில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை.

– ஒரு வாசகர்