அட்டையில ரெண்டுதான் மிச்சம் இருந்துச்சு

கண்ணம்மா,

நேத்து வீடியோ கால்ல பேசிட்டே இருக்கும்போது பையில கைய விட்டு ஒரு மாத்திரைய எடுத்து, பேச்சக்கூட நிறுத்தாம வாயில போட்டு தண்ணி குடிச்ச. அட்டைய கீழ வச்சப்ப பாத்தேன், பத்துல ரெண்டுதான் மிச்சம். கேட்டா முதுகு வலிம்மா, தினமும் ஒண்ணு போடுறேன்னு சாதாரணமா சொல்ற. ராத்திரி எனக்கு தூக்கமே வரல, போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வச்சிருவ, அதான் எழுதுறேன்.

மாத்திரையே போடாதன்னு சொல்லல. பீரியட்ஸ் வலிக்கு இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் எல்லாம் நெஜமாவே நல்லா கேக்கும், ஏன்னா கர்ப்பப்பைய அப்படி இறுக்கிப் பிடிக்க வைக்கிறதே ஒடம்புலயே உருவாகுற ப்ரோஸ்டாகிளாண்டின்ங்கிற ரசாயனம்தான், இந்த மாத்திரைங்க அது உருவாகுறதையே கொறைச்சிடுது. சுளுக்கு, வீக்கம், மூட்டுவாதம் எல்லாத்துக்கும் இப்படித்தான் வேலை செய்யுது. பல்லக் கடிச்சிட்டு கெடன்னு உனக்கு நான் எப்பவும் சொன்னதில்ல, இப்பவும் சொல்ல மாட்டேன்.

ஆனா அதே ப்ரோஸ்டாகிளாண்டின்தான் வயித்து சுவர ஆசிட் அரிக்காம காப்பாத்துது, கிட்னிக்கு ரத்தம் கொறையும்போது குழாய விரிச்சு வைக்குது. மாத்திரைக்கு முதுகு எது வயிறு எதுன்னு தெரியாது. சாப்பிட்டுட்டு போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நானும் நம்பினவதான், ஆனா அது ரத்தத்துல கலந்தும் வயித்த கெடுக்கும், ஊசியா போட்டாக்கூட.

உனக்கு முழுசா சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. நீ காலேஜ் கடைசி வருஷம் படிக்கும்போது லோ பிபின்னு என்ன அட்மிட் பண்ணாங்கன்னு சொன்னோமே, அது பொய்டா. முட்டி வலிக்கு ஒரு வாரத்துக்குன்னு எழுதிக்கொடுத்த டைக்ளோஃபெனாக்க, அதுவும் இதே வகை வலி மாத்திரைதான், நானே வாங்கி வாங்கி நாலு மாசம் போட்டேன். கடைசியில ஒரு வாரமா மோஷன் தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, ஒரு மாதிரி நாத்தத்தோட போச்சு, அயர்ன் மாத்திரை போடுறோம்ல அதனாலதான்னு விட்டுட்டேன். வயிறு வலிக்கவே இல்ல, அதான் கொடுமை. ஒரு நாள் காலையில பல்லு விளக்கிட்டு இருக்கேன், வாஷ்பேசின் விளிம்ப பிடிச்சிருந்த என் கையப் பாத்தா நகமெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்துக் கெடக்கு, அதுக்கப்புறம் தரையிலதான் கண்ண முழிச்சேன். எண்டோஸ்கோபி பாத்தா உள்ள புண்ணு, ரத்தம் கசிஞ்சிட்டே இருந்திருக்கு, மோஷன் கருப்பா போனதே அதனாலதான். ஹீமோகுளோபின் ரொம்ப கொறைஞ்சு 6.8. ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தினாங்க. உனக்கு பரீட்சை நேரம், சொல்லாதன்னுட்டாரு உங்கப்பா.

இன்னொண்ணு, அப்பாவுக்கு தோள் வலின்னதும் இதையே போடச் சொன்னியாமே. அவரு பிபி மாத்திரையும் நீர் பிரியற மாத்திரையும் போடுறவரு, இதுவும் சேந்தா கிட்னி தாங்காது, பிபியும் ஏறும். நான் தடவுற ஜெல் வாங்கிக் கொடுத்தேன், அது ரத்தத்துல கொஞ்சம்தான் கலக்கும். இந்த மாத்திரைங்களால மாரடைப்பு, ஸ்ட்ரோக் அபாயமும் உண்டு, வயித்துக்கு அவ்வளவா கெடுதல் இல்லன்னு வந்த ராஃபகாக்ஸிப்ங்கிற வலி மாத்திரைய 2004ல உலகம் பூரா மார்க்கெட்ல இருந்து எடுத்தது அதனாலதான்.

நீயா வாங்கிப் போடுற இபுப்ரோஃபென் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் தாண்டக் கூடாது, பத்து நாளுக்கு மேல டாக்டர கேக்காம வேணவே வேணாம். வேற வேற பேர்ல இந்த வகை மாத்திரை ரெண்ட சேத்துப் போடாத, ரெண்டும் ஒரே வேலையத்தான் பண்ணுது. வாந்தி பேதின்னு ஒடம்புல தண்ணி வத்தியிருந்தா தொடாத. டெங்குவா இருக்குமோன்னு சந்தேகம் வந்தாலும் பாராசிட்டமால் மட்டும்தான், இந்த வகை மாத்திரைங்க ரத்தக்கசிவ கூட்டிடும். நாளைக்கு குழந்தை உண்டானா டாக்டர்ட்ட சொல்லாம போடவே கூடாது, அதுவும் 20 வாரத்துக்கு மேல குழந்தையோட கிட்னியையே பாதிக்கும்.

முதுகு ஏன் தினமும் வலிக்குதுன்னு ஒருத்தர்ட்ட காட்டும்மா. எத்தன நாளா போடுறன்னு மறைக்காம சொல்லு, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட்ட ஒரு தடவ பாக்கச் சொல்லு. லெட்டர் கெடச்சதும் அந்த அட்டையோட பின்பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பு, பேர பாக்கணும். மோஷன் என்ன கலர்ல போகுதுன்னும் சொல்லு, அம்மாகிட்ட என்ன வெக்கம்.

அம்மா